மலைமிளகாயின் பக்குவம்

மிளகாய் என்றதும் கரிசல் காட்டு வெயிலையும் களத்தில் உலரும் செந்நிறக் குவியலையும் நினைத்துப் பழகிய நமக்கு, குளிர்ந்த மலைச்சரிவே தனக்கு உகந்த வாசஸ்தலம் என்று கொண்டு வளரும் ஒரு மிளகாய் ஜாதி ஆண்டீஸ் மலைப் பிரதேசத்தில் உண்டென்பது ஆச்சரியமாகவே தோன்றும். பெரு நாட்டில் அதை ரொக்கோட்டோ என்கிறார்கள், பொலிவியாவில் லொக்கோட்டோ, தாவர சாஸ்திரிகளுக்கு அது காப்சிகம் பியூபெசன்ஸ்.

இலையிலும் தண்டிலும் மெல்லிய ரோமம் படர, ஊதா நிறப் பூப்பூத்து, சிறு ஆப்பிளைப் போல் உருண்டு திரளும் இதன் காயைப் பிளந்தால், சாகுபடியில் உள்ள வேறெந்த மிளகாயிலும் காணாத கன்னங்கரிய விதைகள் தென்படும். நாற்று நட்டுப் பல மாதம் காத்திருந்தே காயைக் காண முடியும். ஆயினும் தண்டு முற்றி மரத்தன்மை பெற்ற செடி, பேணுவார் இருந்தால், ஆண்டுகள் பல காய்க்கும். கடும் வெப்பத்தில் பூ உதிர்ந்துவிடும். குளிரைத் தாங்கும் என்று சொல்வதால் உறைபனியையும் தாங்கும் என்று எண்ணிவிடலாகாது; இலை கருகாமலிருக்க உறைபனி இரவுகளில் அதை மூடிக் காப்பது அவசியம்.

சதைப்பற்று மிகுந்த இக்காய் எளிதில் உலராது. ஆகவே வற்றலாக்கிச் சேமிக்கும் வழக்கத்தைவிடப் பச்சையாகவே பக்குவப்படுத்தும் கலை அங்கே வளர்ந்தது. பொலிவிய இல்லங்களில் தக்காளியையும் கிர்கீனா என்னும் வாசனைத் தழையையும் சேர்த்து, அகன்ற கல்லின் மேல் குழவியை உருட்டி அரைத்தெடுக்கும் 'லாஹ்வா' என்ற துவையல் அன்றாட உணவோடு வைக்கப்படுகிறது. பெருவின் அரெக்கிப்பா நகரத்தாரோ காயின் தலைப்பைச் சீவி, விதையையும், காரத்துக்கு உறைவிடமான உள்நரம்பையும் கரண்டியால் சுரண்டியெடுத்து, சர்க்கரையோ வினிகரோ கலந்த நீரில் கொதிக்கவிட்டு, அந்நீரைக் கொட்டி மீண்டும் புதுநீரில் கொதிக்கவிட்ட பின்னரே, கொத்திய மாட்டிறைச்சி, வெங்காயம், ஆலிவ், முட்டை முதலியவற்றை அதனுள் நிரப்பி, மேலே பாலாடைக்கட்டி வைத்து அடுப்பில் வேகவிடுவார்கள். அடுக்கடுக்காக உருளைக்கிழங்கை வைத்துச் சுட்ட பண்டம் ஒன்று அதற்குத் துணையாகப் பரிமாறப்படும்.

இதில் சமையற்காரரின் சாமர்த்தியமெல்லாம் எத்தனை முறை நீர் மாற்றுவது என்ற நிதானத்தில் அடங்கியிருக்கிறது. ஒரு கொதி குறைந்தால் நாக்கு எரியும். ஒரு கொதி கூடினால் சதை குழைந்து, காரத்தோடு ருசியும் நீரோடு போய்விடும். கண்ணீர் வரவழைப்பதையே காரத்தின் பெருமையாகப் பேசுவோர் இதை அவசியம் கவனிக்க வேண்டும்: நாக்கை மரக்கச் செய்யாமல், உள்ளே வைத்த பண்டத்தின் சுவையையும் எடுத்துக்காட்டும் அளவுக்குக் காரத்தை நிறுத்தத் தெரிந்த கையே மிளகாய்ச் சமையலில் தேர்ந்த கை. அந்த வகையில் அரெக்கிப்பாவின் இந்தப் பதார்த்தம் உயர்ந்த ரகத்தைச் சேர்ந்தது என்பதே என் அபிப்பிராயம்.