அப்பாவின் கதையை எழுதி வைப்போம்



வீட்டில் அப்பா இறந்துவிட்டால் செய்ய வேண்டியவை நமக்குத் தெரியும். பதினாறாம் நாள் கருமாதி, பிறகு ஆண்டுதோறும் திதி. கூடத்துச் சுவரில் மாலை போட்ட படமும் ஏறிவிடும். பல வீடுகளில் அது அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியதுதான். வாய் ஓயாமல் சிரித்துப் பேசிய மனிதராக இருப்பார். படத்திலோ விறைத்துப்போய் இருப்பார். பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்சுவது அந்த விறைத்த முகம் மட்டுமே.

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் என்றால், விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போயிருப்பார். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். அதனால்தான் அந்த அதிகாலை வேலை. கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும்; மேலோடு போனால் பால் வராது. அந்த அளவு அவர் கையிலேயே இருந்தது. பிறகு காண்டா வாளியில் பாலைச் சுமந்து ஸ்டோருக்கு நடை. மழை பெய்தால் வெட்டு இல்லை. அந்த மாதங்களில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதை அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.

இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய்விட்டன. லயம் இருந்த இடமே தெரியவில்லை. கூட வேலை செய்தவர்களும் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். அவர்கள் மறுபடி ஒன்றுகூடுவது கருமாதியன்றுதான். அன்று ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, தமிழ் எழுதத் தெரிந்த பிள்ளையை அவர்கள் பக்கத்தில் உட்கார வைப்போம். பக்கத்து நிரையில் வெட்டியவருக்குத் தெரிந்தது, பெற்ற மகனுக்கே தெரியாமல் இருக்கும்.

"தங்கமான மனுஷன்" என்று எல்லாரும் சொல்வார்கள். அது போதாது. வேலைக்காட்டில் என்ன பாட்டை முணுமுணுப்பார்? பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு யாரிடம் கைமாற்று வாங்கினார்? 1957-இல் நாடு விடுதலை அடைந்த பிறகு, நீல அடையாள அட்டைக்காக வீட்டில் யார் யார் அலைந்தார்கள்? இப்படிக் கேட்போம். கள்ளுக்கடைக்குப் போனவர் என்றால் அதையும் எழுதலாம். விட்டவர் என்றால், எதற்காக விட்டார் என்பதையும் எழுதலாம். குறையே இல்லாத மனிதராக எழுதினால் பேரப்பிள்ளை நம்பாது.

இதற்கெல்லாம் முன்னே ஒரு வேலை உண்டு. இறப்பைப் பதியும்போது அவருடைய அடையாள அட்டையைப் பதிவிலாகாவில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்கு முன் இரண்டு பக்கமும் நகல் எடுத்துக்கொள்வோம். பழைய சம்பளச் சீட்டு, சேமநிதித் தாள், தொழிற்சங்க அட்டை இவற்றை அவருடைய பழந்துணிகளோடு சேர்த்து எறிந்துவிடுவது நம்மிடம் உள்ள பழக்கம். எந்த ஆண்டு எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்ற கேள்விக்கு அந்தத் தாள்களே பதில் சொல்லும்.

அம்மாவை மட்டும் கருமாதிக் கூட்டத்தில் கேட்க வேண்டாம். சில வாரம் போகட்டும். வேலை ஓய்ந்த ஒரு மாலையில் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், அவரே தொடங்குவார். நடுவில் அழுதால் பேனாவை வைத்துவிடுவோம். மீதியை இன்னொரு நாள் எழுதிக்கொள்ளலாம்.