பில்லைக் கேட்டு வாங்குவோம்
(மருத்துவ உதவி விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வரும் மனுக்கள் பலவற்றில் "மொத்தம் இவ்வளவு" என்று எழுதிய துண்டுச் சீட்டுதான் இருக்கிறது. அறை வாடகை எவ்வளவு, மருந்து எவ்வளவு, ஸ்கேன் எவ்வளவு என்று தெரிவதில்லை. நாம் கொடுப்பது மக்கள் நம்பி ஒப்படைத்த அமானிதப் பணம். கணக்குப் பாராமல் கொடுத்தால், அடுத்து வரும் ஏழைக்குக் கையில் இருக்காது.

ஆகவே, வீடு திரும்பும் முன் இனவாரியாக அச்சிட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள். கேட்பது சண்டையல்ல. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி.

கடன் வாங்கும் முன், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் குடும்பம் இருக்கிறதா என்று பாருங்கள். தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, திட்டத்தில் அடங்கிய சிகிச்சைகளுக்குக் கட்டணமில்லை.

14 இலக்க 'ஆபா' எண் எடுத்தால் பரிசோதனை முடிவுகளைச் செல்போனிலேயே சேர்த்து வைக்கலாம். ஊர் மாறினாலும் பழைய சீட்டைத் தேட வேண்டாம். அதே டெஸ்டுக்கு இரண்டாம் முறை பணம் கட்டுவதும் குறையும். உங்கள் சம்மதமின்றி அவை பிறருக்குப் போகாது. ஆனால் ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்.

நம் ஊர் டாக்டர்களே, சிறு கிளினிக்கானாலும் கணினி பில் போடுங்கள். உங்கள் கணக்கும் நேராகும், நோயாளியின் சந்தேகமும் தீரும்.

இனி மனுவோடு பில்லை இணைக்கக் கேட்போம். வாங்கத் தெரியாதவர்களுடன் நம் தொண்டர்கள் வருவார்கள். உயிருக்குப் போராடும் நேரத்தில் மட்டும், பில் இல்லையென்று உதவியை நிறுத்த மாட்டோம், இன்ஷா அல்லாஹ்.