முழங்காலும் வணக்கமும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு நன்றி வழிபாட்டில் ஆற்றிய உரை)



சுன்னாகத்திலும் அயலூர்களிலும் வளர்ந்த நம்மில் பலர் முழங்காலிடுதலை முதலில் அறிந்தது தண்டனையாகத்தான். கணக்குப் பிழைத்தாலும் முழங்கால். பிந்தி வந்தாலும் முழங்கால். அதனால் ஆலயத்தில் முழங்காலிடும்போதும் பயமும் வெட்கமும் கூடவே வந்துவிடுகின்றன. வேதாகமம் சொல்லும் பயபக்தி இதுதானா?

95ஆம் சங்கீதத்தின் ஒரே வசனத்தில் வணக்கத்துக்கு மூன்று எபிரெயச் சொற்கள் வருகின்றன: தாழ விழுதல், குனிதல், முழங்காலிடுதல். நம் சைவத் தோழியர் கதிரமலைச் சிவன் கோவிலில் பஞ்சாங்க நமஸ்காரம் செய்வதைக் கண்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. உள்ளம் பணியும்போது உடலும் பணிகிறது.

தடையுத்தரவு வந்ததை அறிந்தும் தானியேல் நாளுக்கு மூன்று வேளை முழங்காலிட்டார். அவருடைய தோழர் மூவரோ அரசன் நிறுத்திய பொற்சிலையைப் பணிய மறுத்தார்கள். தேவனுக்கு முன் மடங்கும் முழங்கால் மிரட்டலுக்கு மடங்குவதில்லை. மாற்கு சுவிசேஷத்தில் போர்ச்சேவகரும் இயேசுவுக்கு முன் முழங்காலிடுகிறார்கள், அது பரிகாசம். மனம் இல்லாத முழங்கால் வணக்கமாகாது.

மூட்டுத் தேய்வால் வருந்தும் மூத்த சகோதரிகள், “வாங்கில் இருந்தபடி ஜெபிப்பது குற்றமா?” என்று வைத்தியர்களாகிய நம்மிடம் கேட்பதுண்டு. அன்னாள் நின்று ஜெபித்தாள். தாவீது கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்திருந்து ஜெபித்தான். 325இல் கூடிய நிசேயா சங்கமோ ஞாயிற்றுக்கிழமைகளில் நின்றே ஜெபிக்கும்படி விதித்தது. ஆகவே, இயலாத மூட்டை வருத்த வேண்டாம், அம்மா.

தம்மைப் பணிந்த சீஷரின் கால்களைக் கழுவ இயேசுவே குனிந்தார். இணுவிலில் 1898இல் பெண்களுக்காக எழுந்த மக்லியொட் ஆஸ்பத்திரியை நாம் அறிவோம். பிரசவ வேதனையில் கிடக்கும் தாயருகே குனிகிற தாதியும் அந்த வழியில்தான் நடக்கிறாள்.

நம்மில் எத்தனையோ பேர் ஆசிரியைகள். எத்தனையோ பேர் தாய்மார். இந்த நூற்றாண்டில் ஒன்றைத் தீர்மானிப்போம். எந்தப் பிள்ளையையும் தண்டனைக்காக முழங்காலில் விடாதிருப்போம். அன்பினால் தானாக மடங்க வேண்டிய முழங்காலை நாம் பயத்தினால் மடக்கிப் பழக்கக் கூடாது.