மண்வெட்டி பிடித்தவர்களை எண்ணுங்கள்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மேடையேறினால் வெற்றிக் கதை சொல்வது வழக்கம். நான் தோற்ற கதை சொல்ல வந்திருக்கிறேன்.

2015 டிசம்பர், சென்னை வெள்ளம். வகுப்புத் தோழர்கள் நாலு பேர் சேர்ந்து, "படகு வேணும், பால் பவுடர் வேணும்" என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளைச் சரிபார்த்து, பக்கத்துத் தெருக்காரரையே உதவிக்கு அனுப்பினோம். வெள்ளம் வடிந்ததும், இதையே நிறுவனமாக்கி ஏரி, கால்வாய்களைத் தூர்வார மக்களைத் திரட்டலாமே என்று வேலையை விட்டோம். வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்!

பணம் கேட்டுப் போன இடமெல்லாம் ஒரே கேள்வி: "எத்தனை டவுன்லோடு?" ஞாயிறுதோறும் மண்வெட்டியோடு எத்தனை பேர் வருகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் டவுன்லோடு ஏற்றவே ஓடினோம். மண்வெட்டி பிடித்தவர்களை மறந்தோம். பதினெட்டு மாதத்தில் கடையைச் சாத்தினோம்.

பிறகுதான் யோசித்தேன். கோவை முருகானந்தம் என்ன செய்தார்? மலிவு விலை நாப்கின் செய்யும் எந்திரத்தைக் கண்டுபிடித்தவர், தானே பெரிய கம்பெனி வைத்து நாப்கின் விற்கவில்லை. எந்திரத்தை மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் கொடுத்தார். அவர்களே முதலாளி, அவர்களே விற்பனையாளர். வெளியில் பேசக் கூசிய விஷயத்தைத் தெரிந்த அக்காவே வந்து பேசினார். 2016-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் அப்படித்தான். கிராமத்து முகாமுக்கு டாக்டர்கள் வருவார்கள். இடம் பிடிப்பது, ஊருக்குச் சொல்லுவது உள்ளூர் அமைப்புகளின் பொறுப்பு. மக்களைத் திரட்டுவது என்றால் கூட்டம் சேர்ப்பதல்ல. ஆளுக்கொரு சொந்த வேலை கொடுப்பது. நாங்கள் கோட்டைவிட்டது அங்கேதான்.

சீனியர்களே, ஒரு வேண்டுகோள். நம் சங்கம் ஆண்டுக்கு ஒரு மாணவர் குழுவைத் தத்தெடுக்கட்டும். மூன்று வருஷம் கூடவே இருக்கட்டும். செக் மட்டும் போதாது. ஆடிட்டராக இருப்பவர் கணக்கைப் பாருங்கள். வக்கீல் பதிவு வேலையைப் பாருங்கள். தொழிற்சாலை வைத்திருப்பவர் முதல் ஆர்டரைக் கொடுங்கள். மாதம் ஒருமுறை போன் செய்து, "போன தடவை வந்தவர்களில் எத்தனை பேர் இந்தத் தடவையும் வந்தார்கள்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை எங்களிடம் யாராவது கேட்டிருந்தால், ஒருவேளை இன்று வேறு கதை சொல்லியிருப்பேன்.

தம்பி தங்கைகளே, தைரியமாகத் தொடங்குங்கள். தோற்றாலும் வாங்க, என் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.