பூட்டும் திறவுகோலும்

(ஏற்காட்டு மலையடிவாரத்தில் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

பிள்ளைகள் கைப்பேசியில் எதனைக் காண்பது, எத்துணை நேரம் காண்பது என்பவற்றைப் பெற்றோர் வரையறுத்தற்குரிய கருவியைப்பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். தமிழ் கற்பிக்கும் யான் இயந்திர நூல் வல்லேன் அல்லேன். ஆயினும் இவ்விஷயத்தில் யான் பட்டதொன்று உண்டு. அதனை மறையாது உரைப்பேன்.

சென்ற ஆண்டு என் மகன் நள்ளிரவுவரை விழித்திருக்கக் கண்டு, அவன் கைப்பேசிக்குப் பூட்டிட முயன்றேன். வாசகங்கள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. பொருள் விளங்காமையால் அவனையே அழைத்துப் படிக்கச் செய்தேன். அவனும் பணிவுடன் படித்தான். இரகசிய எண்ணையும் அவனே அமைத்தான். ஒரு திங்கள் சென்ற பின்னரே, பூட்டும் அவனது, திறவுகோலும் அவனது என்று அறிந்தேன். பண்டிதன் என்று பெயர் படைத்த எனக்கே இக்கதியாயின், விடியுமுன் காப்பித் தோட்ட வேலைக்கு மலையேறும் தாய்மாரும், பேரப்பிள்ளைகளைக் காக்கும் பாட்டிமாரும் யாது செய்வர்?

கருவிகள் இல்லாமல் இல்லை. கூகிள் நிறுவனத்தார் 2017இல் ஃபேமிலி லிங்க் என்பதனையும், ஆப்பிள் நிறுவனத்தார் 2018இல் ஸ்கிரீன் டைம் என்பதனையும் வெளியிட்டனர். நாளொன்றுக்கு இத்துணை நேரம் என வரையறுத்தலும், உறங்கும் வேளையில் கைப்பேசியை அடைத்தலும் இவற்றால் இயலும். ஆனால் பெற்றோர்க்கொன்று, பிள்ளைக்கொன்று எனத் தனித்தனிக் கைப்பேசி உடைய இல்லங்கட்கே இவை நன்கு பொருந்தும். ஒரே கைப்பேசி பலர் கை மாறும் வீட்டிற்கு இவை எளியன அல்ல.

அரசாங்கமும் நீதிமன்றமும் வாளாவிருக்கவில்லை. பிள்ளைகளை இணையத் தீங்கினின்று காக்கவேண்டித் தொடுத்த வழக்கொன்றில், 16 வயதுக்குட்பட்டோர்க்குச் சமூக வலைத்தளங்களைத் தடுத்த ஆஸ்திரேலியச் சட்டம் போன்றதொன்றை மத்திய அரசு ஆராயலாம் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 டிசம்பரில் கூறிற்று. 18 வயது நிரம்பாதார் தகவலைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டுமென 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விதிக்கின்றது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நன்று. ஆயினும் படித்தறிய இயலாதார் தரும் இசைவு, கடன் பத்திரத்தில் இட்ட கைநாட்டையன்றோ ஒக்கும்?

ஆதலின் கருவி செய்வார்க்கு நாம் விடுக்கும் விண்ணப்பம் இது. அது தமிழில் இருத்தல் வேண்டும். எழுத்தறியாதார்க்குக் குரலாலும் உரைத்தல் வேண்டும். எவ்வளவு நேரம், எவ்வெவை, எப்போது உறக்கம் என மூன்றே வினாக்களால் முடிதல் வேண்டும். ஒரே கைப்பேசியில் பிள்ளைக்கென வேறு வாயில் அமைதல் வேண்டும். உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையை இயந்திரம் ஏலாது போதலும் உண்டு. ஆதலின் விரலடையாளம் ஒன்றையே நம்புதல் கூடாது. விதித்த விதி பிள்ளைக்கும் தெரிதல் வேண்டும். ஒளிந்து வேவு பார்த்தல் பெற்றோர்க்கு அழகன்று.

இவ்வடிவாரத்தினின்று ஏற்காடு செல்லும் சாலையில் 20 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அவற்றின் ஓரத்துச் சுவர் பயணத்தைத் தடுப்பதன்று, வீழ்ச்சியைத் தடுப்பது. நாம் வேண்டுவதும் அத்தகைய காவலே.

கருவி வரும்வரை நாம் கைகட்டி இருத்தல் ஆகாது. நம் குலத்துக் கற்ற இளைஞர்கள் ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்திற்கு வருக. தாய்மார் கைப்பேசியைத் தமிழுக்கு மாற்றித் தருக. பூட்டிடும் முறையைக் கற்பிக்க. இரகசிய எண்ணை மட்டும் தாய்மாரே இடுக.

என் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கூறி முடிப்பேன். உண்மை அறிந்தபின் மகனைக் கடியாது அருகிருத்தி, இருவருமாக ஒரு விதி செய்தோம். இரவு 9 மணிக்கு அவன் கைப்பேசியும் என் கைப்பேசியும் ஒரே மாடத்தில் வைக்கப்பெறும். முதல் வாரத்தில் அதனை இருமுறை மீறியவன் யானே, சுட்டிக்காட்டியவன் அவன். அன்றுமுதல் அவ்விதியை அவன் தன்னுடையதாகவே கொண்டான்.