ஒரு வீடு, இரண்டு சபைகள்: கிறிஸ்தவர்களின் அடக்கச் சடங்குகள்

பாரிட் புந்தார் வட்டாரத்தில் நமது கிறிஸ்தவக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. பக்கத்து ஊரான பாகான் செராயில், 1896இல் மலாக்கா ஆயரான ரெனே ஃபே சுவாமியார், அதற்கு முன்பே 1880களில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்று ஒரு குடியேற்றத்தை அமைத்தார். லுத்தரன், மெத்தடிஸ்ட், ஆங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே சபைகளிலும் நம்மவர் இருக்கிறார்கள். கொள்வினை கொடுப்பினையால் ஒரே வீட்டில் இரண்டு சபைகள் சேர்ந்துவிடுவதும் உண்டு. நல்ல நாளில் அதனால் தொல்லையில்லை. வீட்டில் ஒரு சாவு விழும்போதுதான், மெழுகுவர்த்தி ஏற்றலாமா, மாலை போடலாமா, சாமியாரை அழைப்பதா பாஸ்டரை அழைப்பதா என்று மனத்தாங்கல் வருகிறது.

இந்த வேறுபாட்டுக்கு வேர் எது? இறந்தவருக்காக இருப்பவர்கள் வேண்டிக்கொள்ளலாமா என்ற கேள்விதான். வேண்டலாம், அது ஆன்மாவுக்கு உதவும் என்பது கத்தோலிக்கர் நம்பிக்கை. ஆகவே செபமாலை சொல்கிறார்கள். அடக்கப் பூசை வைக்கிறார்கள். பெட்டிக்குத் தீர்த்தம் தெளித்துத் தூபம் காட்டுகிறார்கள். ஏழாம் நாள், முப்பதாம் நாள் பூசைகளும், நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளும் இதிலிருந்து வந்தவையே.

16ஆம் நூற்றாண்டில் லுத்தர் தொடங்கிய சீர்திருத்தம் உத்தரிக்கிற ஸ்தலம் என்னும் போதனையைத் தள்ளிவிட்டது. அந்த வழியில் வந்த லுத்தரன், மெத்தடிஸ்ட் சபைகளில் அடக்க ஆராதனை என்பது முக்கியமாக இருப்பவர்களுக்கு ஆறுதல். வேத வாசிப்பு, பாட்டு, பிரசங்கம், பிறகு குழியருகே மண் போட்டு ஜெபம். பெந்தெகொஸ்தே குடும்பங்கள் பெரும்பாலும் மெழுகுவர்த்தி, தூபம் ஆகியவற்றைத் தவிர்க்கும். ஏழாம் நாள் அட்வெந்து சபையாரோ, இறந்தவர் உயிர்த்தெழும் நாள்வரை நினைவின்றி உறங்குகிறார் என்று நம்புகிறார்கள்.

காலத்தோடு மாறியவையும் உண்டு. முன்னே கத்தோலிக்கருக்குத் தகனம் கூடாது. 1963இல் ரோமாபுரி அந்தத் தடையைத் தளர்த்தியது. ஆனால் அஸ்தியைக் கடலிலோ ஆற்றிலோ கரைக்கலாகாது, புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016இல் தெளிவாகச் சொன்னது. தகனத்தை முடித்துவிட்டு அஸ்தியை என்ன செய்வதென்று பிறகு விழிக்காமல், முன்கூட்டியே சாமியாரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தன்னுயிரைத் தானே போக்கிக்கொண்டவருக்குக் கோயிலடக்கம் இல்லை என்று 1917ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் விதித்திருந்தது. 1983ஆம் ஆண்டின் சட்டத்தில் அந்த விதி இல்லை. அப்படியொரு துயரம் வந்த பெற்றோர் பழைய பேச்சுக்குப் பயந்து பிள்ளையை ஒளித்து மறைத்து அடக்கம் செய்ய வேண்டியதில்லை. தலைகுனியாமல் கோயிலுக்குப் போய்க் கேட்கலாம்.

சரி, இரண்டு சபை கலந்த வீட்டில் என்ன செய்வது? இறந்தவர் எந்தச் சபையைச் சேர்ந்தவரோ அந்தச் சபையின் முறைப்படியே அடக்கம் நடக்கட்டும். அவர் நம்பிக்கைக்கு அவரே சொந்தக்காரர். பிள்ளைகள் அதை மாற்றலாகாது. மற்றச் சபையைச் சேர்ந்த மகனோ மருமகளோ கூடவே இருக்கலாம். மெழுகுவர்த்தி ஏற்ற மனமில்லாதவர் ஏற்ற வேண்டாம். ஏற்றுபவரைத் தடுக்கவும் வேண்டாம். மற்றச் சபைப் போதகர் ஆறுதலாக ஒரு ஜெபம் செய்ய விரும்பினால், அடக்கத்தை நடத்துபவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளட்டும். முதல் நாள் இரவு வீட்டிலேயே அதற்கு இடம் கொடுத்தால் சச்சரவு இராது.

வீட்டுப் பெரியவர்கள் நல்ல சுகத்தோடு இருக்கும்போதே தங்கள் விருப்பத்தை இரண்டு வரி எழுதி வைக்கட்டும். எந்தச் சபை, அடக்கமா தகனமா, எந்தக் கல்லறை? தோட்டங்கள் கைமாறிய இடங்களில் பழைய இடுகாட்டை நம்பியிருக்க முடியாது. ஆகவே ஊர்க் கோயிலில் முன்னதாகவே விசாரிப்பது அவசியம். வீட்டில் மரணம் நேர்ந்தால் உரிய அதிகாரிகளிடம் தெரிவித்து அடக்க அனுமதி பெறுவதும், இறப்பைப் பதிவதும் எல்லாச் சபையாருக்கும் பொது.

சாவு வீட்டில் கண்ணீருக்குச் சபை வேறுபாடு இல்லை. பெட்டியைத் தூக்கும் தோள்களுக்கும் அது வேண்டாம்.