படம் பேசணும், உள்ளதைப் பேசணும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



தமிழ்நாட்டில் அரசு உதவியோடு மகளிர் குழுக்கள் முதன்முதலாக 1989-ல் தருமபுரியில் தொடங்கின. அப்போதெல்லாம் நாம் செய்த பொருளைச் சந்தையில் விரித்து வைப்போம். வாங்குறவங்க கையில எடுத்து, தட்டிப் பார்த்து, விலை பேசி வாங்குவாங்க. இன்றைக்குப் பாதி வியாபாரம் கைபேசியில் நடக்கிறது. ஒன்றிய அரசின் ஜெம் இணையச் சந்தையிலேயே 2020-ல் குழுப் பொருட்களுக்கென்று ‘சரஸ் கலெக்‌ஷன்’ தொடங்கினார்கள். அங்கே நம்ம பொருளை யாரும் தொட்டுப் பார்க்க முடியாது. படம்தான் பேசணும்.

நகரத்துப் பெண்கள் வீட்டு அலங்காரத்துக்கு ஒரு ஆசைப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஆந்தை உருவத்தில் சாவி மாட்டி, பூனை மூஞ்சி போட்ட ஓலைக்கூடை, சிரட்டை விளக்கு, மண் மீன் தோரணம் என்று விநோதமான பொருளாகத் தேடுறாங்க. பிடித்த படத்தைச் சேர்த்து வைத்து, சம்பளம் வந்த பிறகு மறுபடி பார்த்து முடிவு செய்வார்கள். அந்தப் பட்டியலில் நீங்க இல்ல, உங்க பேச்சு இல்ல, உங்க படம் மட்டும்தான் இருக்கும்.

நம்ம ஒன்றியத்தில் ஒரு குழு 12 பனை ஓலைப் பெட்டிகளை அனுப்பினார்கள். குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் வெளிர் ஓலை தேன் நிறமாகத் தெரிந்தது. பெட்டி போய்ச் சேர்ந்ததும், “நாங்க கேட்ட நிறம் இது இல்ல” என்று 12-ம் திரும்பி வந்தது. போக, வர பார்சல் செலவு குழுவின் தலையில். பின்னலில் ஒரு குறை கிடையாது. படம்தான் உள்ளதைச் சொல்லவில்லை.

ஆகவே, படம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. முதலில் கேமரா கண்ணாடியை முந்தானையால் துடைங்க. எண்ணெய்க் கை பட்டிருந்தால் படம் மங்கும்.

2. காலை 9 மணிக்கு முன், அல்லது மாலை 4 மணிக்குப் பின், திண்ணை நிழலில் எடுங்க. நேர் வெயில் வேண்டாம், ஃபிளாஷ் வேண்டாம். பல்பை அணைத்துவிடுங்க. ஒரு பக்கம் இருட்டாக இருந்தால் அந்தப் பக்கம் வெள்ளை சார்ட் அட்டையை நிறுத்துங்க. வெளிச்சம் திரும்பி விழும்.

3. பின்னால் கொடிக்கயிறு, குடம், செருப்பு எதுவும் தெரியக் கூடாது. கறுத்த மண் சாமானுக்கு வெள்ளை வேட்டி விரிங்க. வெளிர் ஓலைக்குக் கருநீலத் துணி எடுப்பாக இருக்கும்.

4. தூரத்தில் நின்று ஜூம் செய்யாமல் கிட்டே போங்க. வரைந்த ஓவியம் என்றால் கைபேசியை அதற்கு நேராகப் பிடிங்க. நாலு ஓரமும் கோணாமல் வரணும். கண்ணாடிச் சட்டம் போடும் முன்பே எடுத்துவிடுங்க. போட்ட பிறகு எடுத்தா உங்க முகமும் அதுல தெரியும்!

5. ஒரு பொருளுக்கு ஐந்து படம்: முன்பக்கம், பக்கவாட்டு, உள்பக்கம், பின்னல் தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒன்று, கையில் பிடித்தபடி ஒன்று. கை இருந்தால்தான் அளவு புரியும். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் எழுதுங்க. “கையால் செய்தது, ஒன்றுக்கொன்று சிறு வித்தியாசம் இருக்கும்” என்பதையும் எழுதுங்க.

6. நிறத்தை மாற்றும் ஃபில்டர் போடாதீங்க. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் படத்தின் தரம் குறையாது.

இன்னொரு முக்கியமான விஷயம். சில வியாபாரிகள் நம்ம படத்தை வாங்கி, தங்கள் பொருள் போலப் போட்டுக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படமும் கலைப் படைப்புதான். பொதுவாக, எடுத்தவருக்கே உரிமை. காசு கொடுத்து ஒருத்தரை எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, காசு கொடுத்தவருக்கு உரிமை. வியாபாரி செலவில் எடுத்த படம் நமக்குச் சொந்தமாகாமல் போகலாம். அதனால நம்ம கைபேசியில் நாமே எடுப்போம். முதலில் எடுத்த படத்தை அழிக்காமல், தேதியோடு குழுவின் பெயரில் சேர்த்து வைப்போம். யாருக்கு அனுப்பினோம் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுவோம்.

“எனக்கு போன் பிடிக்கவே வராதே” என்று மூத்த அக்காமார் தயங்க வேண்டாம். ஓலையின் நெளிவை விரலால் அறிந்தவங்களுக்கு எந்தப் பக்கம் அழகு என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பொத்தானை மகளோ மருமகளோ அழுத்தட்டும். எதைக் காட்டணும்னு நீங்க சொல்லுங்க.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு பொருளையும் அதன் ஐந்து படங்களையும் கொண்டு வாங்க. பொருளையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நிறமும் அளவும் ஒத்துப்போகிற படங்களை மட்டும் விற்பனைக்கு அனுப்புவோம்.